வத்தம் பாத்து போன ஜியோகேஷிங் பயணம்: ஒலிம்பியா, வுடார்ட் பே, ஷெல்டன்

ஜூன் 26, வியாழன். ஒலிம்பியா

தேதி முடிவு பண்ணதே டைட் டேபிள், அதாவது கடல்தண்ணி எப்ப ஏறும் (ஏத்தம்) எப்ப எறங்கும் (வத்தம்)ங்கற அட்டவணை, பாத்துதான். இங்க வாஷிங்டன் மாநிலத்துல ப்யூஜெட் சவுண்ட் கடல்ல ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம் வரும், ஆனா ரெண்டு வத்தமும் ஒரே அளவு கெடையாது, ஒண்ணு பேருக்கு எறங்கிட்டு நின்னுரும், இன்னொண்ணு அடித்தரைய காட்டிட்டு போகும். அந்த பெரிய வத்தம் கோடைல பகல்ல வருது, குளிர்காலத்துல ராத்திரில வருது, அதனால சேத்து தரைய வெளிச்சத்துல பாக்கணும்னா மே, ஜூன், ஜூலை மாசம் அமாவாசை பௌர்ணமிய ஒட்டித்தான் கிளம்பணும். நேத்து அமாவாசை. மாமா விரதத்த முடிச்ச கையோட "மாப்ள, நாளைக்கே போயிருவோம், அமாவாசை தாண்டி ரெண்டு மூணு நாளைக்கு வத்தம் நல்லா இருக்கும்"னு சொல்லிட்டார்.

மாமான்னா எங்கம்மாவோட தம்பி. மதுரைல ரொம்ப வருஷம் மரக்கடை வச்சிருந்தவர், இப்ப கடைய பையன்கிட்ட விட்டுட்டு சியாட்டில் பக்கத்துல பாத்தல்ங்கற ஊர்ல எங்க வீட்டுக்கு வந்து இருக்கார். அத்தைக்கு விசா கெடைக்கல, அதனால தெனமும் காலைல வீடியோ கால்ல அத்தைகிட்ட நேத்து நடந்தது பூரா ஒப்பிச்சாகணும். வந்த புதுசுல அவருக்கு பொழுது போகல, டிவி பாக்க மாட்டார். ஒரு நாள் பக்கத்து பார்க்ல ஒரு கேஷ், அதாவது ஒளிச்சு வச்ச டப்பா, எடுக்க கூட்டிட்டு போனேன், அதுல இருந்து என்ன விட அவருக்குத்தான் ஆர்வம் ஜாஸ்தி.

ஜியோகேஷிங் தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவ ஒளிச்சு வச்சு அதோட அட்சரேகை தீர்க்கரேகைய ஆப்ல போட்டிருப்பாங்க, நாம ஜிபிஎஸ் வச்சு தேடி எடுத்து உள்ள இருக்க நோட்டுல பேரும் தேதியும் எழுதிட்டு அப்படியே திருப்பி வச்சுட்டு வரணும். 2000 மே 2ந்தேதி அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே சேத்து வச்சிருந்த பிழைய நிறுத்துச்சு, மறுநாளே டேவ் அல்மர்னு ஒருத்தர் ஆரகன்ல பீவர்க்ரீக்ங்கற ஊர் பக்கத்துல ஒரு பக்கெட்ட வச்சு எடத்த நெட்ல எழுதினார், அதுதான் ஆரம்பம். இன்னைக்கு உலகம் பூரா லட்சக்கணக்குல இருக்கு, இத நடத்தற கம்பெனியோட ஆபீஸ் சியாட்டில்லதான்.

டகோமா தாண்டி ராணுவ முகாம் பக்கம் வழக்கமான நெரிசல், ஒலிம்பியா வர மத்தியானம் ஆயிருச்சு. ஒரு வகைல நல்லதுதான், சரியா வத்தத்துல வந்து சேந்தோம். பெர்சிவல் லேண்டிங்னு ஊருக்குள்ளயே கடலோரமா ஒரு மரப்பலக நடைபாதை இருக்கு, அதுல இருந்து படகு கட்டற மெதவைக்கு எறங்கற பாலம் அப்ப கிட்டத்தட்ட ஏணி மாதிரி செங்குத்தா நின்னுச்சு. ஒரு வயசான அம்மா கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சுகிட்டு பக்கவாட்டுல எறங்கினாங்க. படகெல்லாம் பள்ளத்துல கெடக்கு. ராத்திரி எட்டு மணிக்கு அதே எடத்துக்கு வந்து பாத்தா பாலம் படுத்துகிடக்கு, பாய்மரக் கம்பெல்லாம் கடை மாடி உயரத்துக்கு ஏறி நிக்குது. சவுண்டோட தென்கோடில இருக்கறதால இங்க தண்ணி சராசரியா 14 அடி ஏறி எறங்குமாம். மாமாவுக்கு நம்பவே முடியல. ராமேஸ்வரத்துல ஒரு மீட்டர் கூட வராதேன்னு சொல்லி சொல்லி ஆச்சரியப்பட்டார்.

உழவர் சந்தை வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் நடக்குது. ரேனியர் செர்ரி சீசன், மஞ்சள்ல செவப்பு பூசின செர்ரி, பவுண்டு 6 டாலர். மாமா மனசுக்குள்ள ஐநூறு ரூவான்னு கணக்கு போட்டுட்டு தள்ளி நின்னார், அந்த கடைக்காரப் பொண்ணு அத புரிஞ்சுகிட்டாங்களோ என்னவோ ஒரு கை அள்ளி அவர் கைல குடுத்து "வாங்கலன்னாலும் பரவால்ல, சாப்பிடுங்க"ன்னு சொன்னாங்க, கடைசில ரெண்டு பவுண்டு வாங்கினோம். நான் க்ளாம் சௌடர் குடிச்சேன், கிண்ணம் 11 டாலர், கெட்டியான பால்ல உருளைக்கிழங்கும் மட்டியும் போட்டது, நடுங்கற குளிருக்கு நல்லா இருந்துச்சு. ஜூன் கடைசி, ஆனா தூறலும் காத்தும் போட்டு வாட்டுது, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வெயிலே எட்டிப் பாத்துச்சு. மாமா வீட்ல இருந்து கட்டிட்டு வந்த தயிர்சாதத்த எலுமிச்சங்கா ஊறுகாயோட பெஞ்ச்ல உக்காந்து சாப்ட்டார்.

தங்கின எடத்துல ஒரு சிக்கல். மாமாவுக்கு முட்டி வலி, அதனால கீழ்த்தளத்துல ரெண்டு கட்டில் ரூம் கேட்டு புக் பண்ணி, கன்பர்மேஷனும் வந்திருந்துச்சு. கவுண்டர்ல போய் நின்னா மாடி ரூம் ஒண்ணுதான் இருக்கு, ஒரு கட்டில்தான்ங்கறாங்க, லிஃப்ட் கெடையாது, வரி போக 129 டாலர், அதுல ஒரு டாலர் கொறைக்க மாட்டோம்னுட்டாங்க. மாமா தரைல படுத்துக்கறேன்னு சொன்னத என்னால ஏத்துக்க முடியல, பேசிப் பேசி ஒரு மடக்கு கட்டில் வாங்கினேன். பக்கத்து ரூம்ல தங்கியிருந்த லாரி டிரைவர் ஒருத்தர் ஒரு வார்த்த பேசாம ரெண்டு பெட்டியயும் தூக்கிட்டு மேல போய் வச்சுட்டு, மாமாவுக்கு ஒரு சல்யூட் வச்சுட்டு போயிட்டார்.

இருட்டற நேரத்துக்கு கேபிடல் லேக் போனோம். 1951ல அணை கட்டி கடல்தண்ணிய தடுத்து உண்டாக்கின ஏரி இது, சட்டசபை கட்டடத்தோட நெழல் தண்ணில விழணும்ங்கற ஆசைல கட்டினது. அணைய எடுத்துட்டு மறுபடியும் கழிமுகமாவே விடப்போறதா 2022ல மாநில அரசு முடிவெடுத்திருக்கு. ஒம்பதரை வாக்குல வௌவால் வர ஆரம்பிச்சுது. மொதல்ல ஒண்ணு ரெண்டு, அப்பறம் எண்ண முடியல, தண்ணிக்கு ஒரு சாண் மேல கோடு கிழிச்ச மாதிரி பறக்குது. ஒவ்வொண்ணும் 5, 6 கிராம் எடைதான் இருக்கும். பத்து கிலோமீட்டர் கிட்ட பறந்து பூச்சி திங்க இங்க வருதுங்க, வீடு எங்கன்னா நாளைக்கு நாங்க போகப்போற வுடார்ட் பேல, மரம் எறக்கற பழைய பாலத்துக்கு அடில.

ஜூன் 27, வெள்ளி. வுடார்ட் பே

டிஸ்கவர் பாஸ்னு ஒரு அனுமதிச்சீட்ட கார் கண்ணாடில வைக்கணும், ஒரு நாளைக்கு 10 டாலர், மேல சர்வீஸ் சார்ஜ். நாய் கூட்டிட்டு வரக்கூடாது, பாதைய விட்டு எறங்கக்கூடாதுன்னு வாசல்லயே போர்டு. எனக்கு பிடிச்சிருந்துச்சு. ஏன் அப்படின்னு உள்ள போனா தெரியும்.

பழைய தார் ரோட்டுலதான் நடக்கணும், ரெண்டு பக்கமும் டக்ளஸ் ஃபர், செடார், பெரிய எல மேப்பிள், மரத்துல இருந்து பாசி தாடியா தொங்குது. ஆப் காட்டற புள்ளி இந்த மரக்கூட்டத்துக்குள்ள வந்ததும் அங்கிட்டும் இங்கிட்டும் துள்ளுது, பத்து மீட்டர் இருபது மீட்டர் தள்ளி காட்டுது, எல மூடின காட்டுல சிக்னல் அப்படித்தான். இங்க நாங்க எடுக்க வந்தது டப்பா இல்லாத கேஷ். எர்த்கேஷ்னு ஒரு வகை உண்டு, எடத்துக்கு போய் தரை, பாறை, தண்ணிய பாத்து சில கேள்விக்கு பதில் எழுதி அனுப்பணும், எதையும் தொட வேணாம், எதையும் வைக்க வேணாம். இப்படி ஒரு எடத்துக்கு இதுதான் பொருத்தம்னு எனக்கு உறுதியா தோணுது. டப்பான்னு வச்சா நாலு பேர் புதர்ல கை விடுவாங்க, பத்து பேர் பாதைய விட்டு எறங்குவாங்க, ஒரு வருஷத்துல புதுசா ஒரு ஒத்தையடிப்பாதையே விழுந்துரும்.

வழில ஒரு செடார் அடிக்கட்டை. வெட்டி நூறு வருஷம் இருக்கலாம், இன்னும் மக்கல. தரைல இருந்து ஒரு ஆள் ஒசரத்துல எதிரும் புதிருமா ரெண்டு பொந்து, வாய் மாதிரி வெட்டினது. அடிமரம் ரொம்ப பெருத்து இருக்கும்ங்கறதால மரவெட்டிங்க அந்த பொந்துல பலகைய சொருகி அது மேல ஏறி நின்னு, ஆளுக்கு ஒரு பக்கமா நீள ரம்பம் இழுப்பாங்க. கட்டை மேல இப்ப ஒரு ஹெம்லாக் மரம் வளந்து அதோட வேர் கட்டைய கட்டிப்புடிச்சு தரை வரைக்கும் எறங்கியிருக்கு. பாதை ஓரத்துலயே இருந்ததால மாமா கிட்ட போய் நின்னு பொந்து ஒசரத்துல சுத்தளவ கண்ணாலயே மதிப்பு போட்டார். "24 அடி இருக்கும் மாப்ள, அடி பெருத்ததுக்கு கழிச்சு 20ன்னு வையி. நாலுல ஒரு பங்கு 5, அஞ்சஞ்சு இருபத்தஞ்சு, நூறடி நீளம்னா 2500 கன அடி. ஒத்த மரம்!" கடைல இந்தக் கணக்குதான் வாழ்நாள் பூரா போட்டிருக்கார். சொல்லிட்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசல.

ரோடு முடியற எடம் வேயர் பாயின்ட். பேர்லயே வேயர்ஹௌசர் கம்பெனி இருக்கு. 1900ல ஃப்ரெட்ரிக் வேயர்ஹௌசரும் அவரோட கூட்டாளிகளும் ரயில்வே கம்பெனிகிட்ட இருந்து ஏக்கர் 6 டாலருக்கு 9 லட்சம் ஏக்கர் காட்ட ஒரே பத்திரத்துல வாங்கினாங்க. தெக்க வெயில்ங்கற முகாம் பக்கம் வெட்டின மரத்த சொந்த ரயில்ல இங்க கொண்டாந்து, கடலுக்குள்ள நீட்டி கட்டின பாலத்து மேல ரயில நிறுத்தி, பக்கவாட்டுல தண்ணில உருட்டி விடுவாங்க. 1920கள்ல ஆரம்பிச்சது 1984 வரைக்கும் ஓடுச்சு. தண்ணில விழுந்த மரத்த ஆணி வச்ச பூட்ஸ் போட்ட ஆளுங்க மெதக்கற கட்டை மேலயே நடந்து, நீளக் கழியால தள்ளி, தரம் பிரிச்சு, சுத்தி நீளக் கட்டைங்கள சங்கிலியால கோத்து வேலி மாதிரி கட்டி, ஏத்தம் பாத்து இழுவைப்படகுல எவரெட் மில்லுக்கு இழுத்துட்டு போவாங்க. எவரெட்ல இருந்து எங்க வீடு கூப்பிடு தூரந்தான், இத்தன நாள் எனக்கு இந்த தொடர்பு தெரியாது.

மாமா இதக் கேட்டதும் "கல்லாய்"னார். கோழிக்கோடு கல்லாய். நிலம்பூர் தேக்க சாலியாறுல மெதக்கவிட்டு கீழ கொண்டாந்து கல்லாய் ஆத்து உப்புத்தண்ணில கட்டி போட்டிருப்பாங்க, ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய மரச்சந்தைல ஒண்ணு, மாமா சின்ன வயசுல தாத்தாவோட அங்க போய் தூலம் எடுத்திருக்கார். தண்ணில நிக்கற மரத்து மேல ஏறி வெரல் முட்டியால தட்டி சத்தம் கேட்டு உள்ள பொந்து இருக்கான்னு சொல்ற ஒரு மாப்பிளா (மலபார் முஸ்லிம்) மூப்பர பத்தி நெறய நேரம் பேசினார். எனக்கு இந்தக் கதையெல்லாம் சின்னதுல யாரும் சொன்னதில்ல.

ஒண்ணேகால் மணிக்கு வத்தம். தண்ணி போய் சேறு மினுமினுன்னு தெரியுது. அழுகின முட்ட நாத்தம் லேசா வருது, மட்கற பொருள் நெறஞ்ச சேத்துல காத்து போகாத எடத்துல வர்ற வாயு அது. மரம் எறக்கின எடத்துலயெல்லாம் பட்டை உதிந்து அடில தங்கி மெத்தையா படிஞ்சு, அது மக்கும்போது ஆக்சிஜன உறிஞ்சி புழு பூச்சி சிப்பி எதையும் வாழ விடாது, எர்த்கேஷ் கேள்வில ஒண்ணு இத ஒட்டித்தான் இருந்துச்சு. இன்னொரு கேள்வி தூண்ல அடுக்கடுக்கா தெரியற வரி பத்தி. பைனாகுலர்ல ஒரு தூண நெதானமா பாத்தோம். உச்சில மழ ஈரத்துக்கு ஒரு ஃபெர்ன் செடியும் சலால் புதரும் மொளச்சிருக்கு, அதுக்கு கீழ காஞ்ச கறுப்பு மரம், அதுக்கு கீழ வெள்ளையா கொட்டலசு (பார்னக்கிள்) ஒட்டியிருக்கு, அதுக்கும் கீழ நீலக்கருப்பா மட்டி கொத்து, சேத்துக்கு பக்கத்துல தூண் இடுப்பு சிறுத்து போயிருக்கு. தண்ணி எது வரைக்கும் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு அந்த தூண் மேல எழுதியே இருக்கு.

தூண்லயெல்லாம் பூச்சி அரிக்காம இருக்க க்ரியோசோட் எண்ணெய் ஏத்தியிருந்தாங்க, நிலக்கரி தார்ல இருந்து எடுக்கறது, அது தண்ணில கசிஞ்சு மீன் முட்டைய கெடுக்கும். அதனால மாநில அரசு நெறய தூண புடுங்கி எடுத்திருச்சு. ஆனா எல்லாத்தையும் எடுக்கல. 1987ல சட்டசபை இந்த எடத்த பாதுகாப்பு பகுதியா அறிவிச்சப்பவே பாலத்துக்கு அடில வௌவால் குடியிருந்துச்சு, ஏறக்குறைய 3,000, குட்டி போடற பொட்டைங்க சேந்து வாழற கூட்டம். கட்டி வச்ச மெதக்கற கட்டைங்க மேல ஹார்பர் சீல்ங்கற கடல்நாய் படுத்து குட்டி போடுது. தூண் மேல ஊதா தகைவிலான் குருவிக்கு கூடு மாட்டியிருக்காங்க. மரத்தொழில் விட்டுட்டு போனத இதுங்க எடுத்துக்கிச்சு, சுத்தம் பண்ண வந்தவங்களும் அதுக்கு எடம் விட்டு சுத்தம் பண்ணியிருக்காங்க. பாதி பாலத்த நிக்க விட்டது இந்த மாநிலம் செஞ்ச ரொம்ப நல்ல காரியம்னு நெனக்கறேன். பழசு எல்லாத்தையும் அப்பறப்படுத்தி புல் போட்டு பெஞ்ச் போட்டு குடுத்திருந்தா போட்டோக்கு அழகா இருந்திருக்கும், வௌவாலுக்கு வீடு இருந்திருக்காது.

அங்க ஸ்டாண்ட் போட்டு பெரிய தொலைநோக்கி வச்சிருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா எங்கள கூப்பிட்டு பாக்க சொன்னாங்க. கட்டைங்க மேல சாம்பல் நெறத்துல, புள்ளி போட்டு, குண்டு குண்டா படுத்துகிடக்குதுங்க. ஒரு தாய் பக்கத்துல குட்டி ஒண்ணு, பொறந்து நாலஞ்சு நாள் இருக்கும்னாங்க, சீசனோட ஆரம்பம் இது, ஜூலை ஆகஸ்ட்ல நெறைய இருக்குமாம். குட்டி கட்டை மேல ஏற பாத்து வழுக்கி விழுது, தாய் மூக்கால முட்டி தள்ளுது, மறுபடி விழுது. மாமா கண்ண எடுக்கவே இல்ல. கரைல தனியா குட்டி கெடந்தா தொலஞ்சு போச்சுன்னு நெனச்சு தூக்கிடாதீங்க, தாய் மீன் புடிக்க போயிருக்கும், 100 கஜம் தள்ளி நிக்கணும்னு அந்தம்மா சொன்னாங்க. மாமா கைல இருந்த செர்ரி பொட்டலத்த அவங்ககிட்ட நீட்டினார். அவங்க ரெண்டே ரெண்டு எடுத்துகிட்டு, பைல இருந்து வீட்ல சுட்ட ஓட்ஸ் பிஸ்கட் குடுத்தாங்க. பாஷை இல்லாமயே ரெண்டு பேரும் அரைமணி நேரம் பேசினாங்க.

ஜூன் 28, சனி. ஷெல்டன்

காலைல செஹாலிஸ் வெஸ்டர்ன் ட்ரெயில்ல கொஞ்ச தூரம் நடந்தோம். இது அந்த மர ரயில் ஓடின அதே தடம், தண்டவாளத்த எடுத்துட்டு தார் போட்டு 35 கிலோமீட்டர் சைக்கிள் பாதையா ஆக்கியிருக்காங்க. சைக்கிள்காரங்க பின்னாடி வரும்போது மணி அடிச்சு "இடது பக்கம் வரேன்"னு சொல்லிட்டு, தாண்டும்போது நன்றியும் சொல்லிட்டு போறாங்க. மாமா ஒவ்வொருத்தருக்கும் கை தூக்கி வணக்கம் வச்சார்.

ஒரு எடத்துல நல்ல டப்பா கெடச்சுது, எடம் சொல்லல, தேடறவங்களுக்கு ருசி போயிரும். பச்சை பெயிண்ட் அடிச்ச பழைய ராணுவ தோட்டா பெட்டி, விழுந்த மரத்து மறைவுல, மேல பட்டைய வச்சு மூடியிருந்துச்சு. ரப்பர் வாஷர் நல்லா இருந்ததால நோட்டு சொட்டு ஈரம் இல்லாம இருந்துச்சு. உள்ள ஒரு பிளாஸ்டிக் டைனோசர், ஒரு கனடா காசு, ஒரு சின்ன பிள்ளையோட தலைக்கிளிப். நோட்டு 2011ல தொடங்குது. பக்கம் பக்கமா பேர், தேதி, "மழை", "கொசு ஜாஸ்தி", "என் மகளோட முதல் கேஷ்", ஒரு எடத்துல நடுங்கற கையெழுத்துல "டாக்டர் நடக்க சொன்னார், நடந்தேன்". மாமா அந்தப் பக்கத்த வாசிக்க சொல்லி கேட்டார், கேட்டுட்டு கீழ தமிழ்ல எழுதினார், "மதுரையில் இருந்து வந்தேன், நானும் நடந்தேன்". அத்தைக்கு அனுப்ப போட்டோ எடுத்துகிட்டோம்.

ஷெல்டன் அங்க இருந்து முக்கா மணி நேரம். மரத்தொழிலுக்குன்னே பொறந்த ஊரு, ஓக்லேண்ட் பேங்கற கடல் நாக்கு முடியற எடத்துல இருக்கு, இன்னைக்கும் தண்ணியோரத்துல மில்லு ஓடுது, மலை மலையா அடுக்கி வச்ச மரம் ரோட்ல இருந்தே தெரியும். காத்துல புது மரத்தூள் வாசம். மாமா கார் கண்ணாடிய எறக்கி மூச்ச இழுத்துட்டு "கடைக்கு வந்த மாதிரி இருக்குடா"ன்னார். மாப்ளங்கறது போய் டா வந்தா அவர் ரொம்ப சந்தோஷமா இருக்கார்னு அர்த்தம்.

ஊர் நடுவுல டாலின்னு ஒரு நீராவி என்ஜின் நிக்குது. சிம்ப்சன் லாகிங் கம்பெனியோட 7ம் நம்பர், 1924ல செஞ்ச ஷே வகை. கம்பெனிய ஆரம்பிச்ச சால் சிம்ப்சனோட மனைவிய செல்லமா டாலின்னு கூப்பிடுவாங்களாம், அந்தப் பேர். சாதா என்ஜின்ல சிலிண்டர் படுத்திருக்கும், இதுல வலது பக்கம் நிமிந்து நிக்குது, அந்த எடைக்கு ஈடா பாய்லர இடது பக்கம் தள்ளி வச்சிருக்காங்க. சிலிண்டர் ஒரு நீள தண்ட சுத்தும், தண்டுல இருந்து பல்சக்கரம் வழியா எல்லா சக்கரத்துக்கும் இழுவை போகும், அதனால வேகம் கம்மி, ஆனா செங்குத்தான மேட்டுலயும் கோணல் மாணல் தண்டவாளத்துலயும் வழுக்காம ஏறும். மலைக்காட்டுக்குள்ள அவசரத்துக்கு போட்ட தண்டவாளத்துல சாதா என்ஜின் நிக்காது. மாமா அந்தச் சக்கரத்துப் பல்லுல கை வச்சு ஒவ்வொண்ணா தடவி பாத்தார்.

இங்க ஒரு குட்டி கேஷ், வெரல் நகம் அளவு காந்த டப்பா, என்ஜினுக்கு அக்கம்பக்கத்துலன்னு குறிப்பு. தேடு தேடுன்னு தேடினோம், கெடைக்கல. முன்னாடி தேடின ரெண்டு பேரும் கெடைக்கலன்னு போட்டிருந்ததால போயிருச்சுன்னுதான் நெனைக்கறேன், பாத்துக்கறவருக்கு தகவல் போட்டுட்டேன். எங்க நடமாட்டத்த பாத்துட்டு எதிர் கடைல இருந்து ஒரு பெரியவர் வந்து, என்ன தொலைச்சீங்கன்னு கேட்டார். விஷயத்த சொன்னதும் அவரும் குனிஞ்சு சேந்து தேடினார். அவங்கப்பா இழுவைப்படகுல இருந்தவராம், மரத்தெப்பத்த ஓட்டத்துக்கு எதிரா இழுத்தா நகராது, அதனால ஓட்டம் மாற வரைக்கும் நங்கூரம் போட்டு சீட்டு வெளையாடுவாங்கன்னு சொன்னார். மதியம் சூப்பும் கிரில் சீஸ் சாண்ட்விச்சும் சாப்ட்ட கடைல 34 டாலர் ஆச்சு, டிப்ஸ் தனி, சூப் ஆறிப்போயி வந்துச்சு, சூடு பண்ணி கேட்டதுக்கு மூஞ்சிய சுளிச்சாங்க. அதுக்கு ஈடா வெயில் நல்லா அடிச்சுது, வந்ததுல இருந்து அன்னைக்குத்தான் ஸ்வெட்டர கழட்டினேன்.

ஜூன் 29, ஞாயிறு. ஸ்குவாக்சின் பார்க்

கெளம்பற நாள். வத்தம் ரெண்டரைக்கு மேலதான், அதுவும் அமாவாசை தாண்டி நாலு நாள் ஆனதால முந்தாநாள் அளவுக்கு எறங்காது, ஆனாலும் இத பாக்காம போக மனசு வரல. பட் இன்லெட் கரைல ஒலிம்பியா ஊருக்குள்ளயே இருக்க காடு, முன்னாடி வேற பேர் இருந்துச்சு, இந்த மண்ணோட ஆதிக்குடியான ஸ்குவாக்சின் ஐலண்ட் மக்களோட பேர 2022ல வச்சாங்க. எல்லிஸ் கோவ் பாதைல எறங்கினா கூழாங்கல் கரை, அதுக்கு அந்தாண்ட சேறு.

கரைல நடந்தா போதும்னுதான் ஆப் சொல்லுச்சு, ஆனா ஒரு ஓடை வந்து கடல்ல சேர்ற எடத்துல கல்லுக்கு அடில சேறு ஒளிஞ்சிருந்து என் வலது கால முழங்கால் வரைக்கும் வாங்கிருச்சு. இழுக்க இழுக்க பூட்ஸ் உள்ளயே நிக்குது. ரெண்டு பசங்கள கூட்டிட்டு வந்த ஒரு அம்மா தூரத்துல இருந்தே கத்தினாங்க, "இழுக்காதீங்க, குதிகால மெதுவா ஆட்டி காத்து உள்ள போக விடுங்க"ன்னு. அப்படியே பண்ணேன், பொக்குனு வந்துச்சு. அந்தப் பசங்க ஓடிப்போய் ஒரு பலகை கொண்டாந்து போட்டு எங்க ரெண்டு பேரையும் தாண்ட விட்டாங்க. பெரியவன் மாமா கைய புடிச்சு கூட்டிட்டு வந்தான்.

கேஷ் இருந்தது ஒதுங்கின கட்டைக்கூட்டத்துக்கு பக்கத்துல. ஏத்தத்துல அங்க போகவே முடியாது. அந்தக் கட்டைங்கள்ல ஒண்ணு மத்தது மாதிரி வேரும் கிளையுமா இல்ல, நேரா, நீளமா, பட்டை உரிஞ்சு வெள்ளி நெறத்துல. மாமா அதோட முனைய தேச்சு பாசிய தள்ளினார். கை நொழையற அளவுக்கு வட்டமா ஒரு ஓட்ட, இந்தப் பக்கம் தொளச்சு அந்தப் பக்கம் வருது, உள்ள ஒரு பக்கம் மட்டும் வழுவழுன்னு தேஞ்சிருக்கு. சங்கிலி ஓடின தேய்மானம். தெப்பத்த சுத்தி வேலியா கோத்த கட்டைல ஒண்ணு அது, என்னைக்கோ சங்கிலி அறுந்து தனியா மெதந்து இங்க வந்து ஒதுங்கியிருக்கு. மாமா முழங்கை வரைக்கும் கைய விட்டு அந்த தேஞ்ச எடத்த தடவினார், வெரல் முட்டியால தட்டினார், காத வச்சு கேட்டார். "உள்ள கெட்டியா இருக்கு மாப்ள, இன்னும் அம்பது வருஷம் தாங்கும்."

டப்பாவ எடுத்து ரெண்டு பேர் பேரையும் எழுதினோம், அந்தப் பசங்க பேரையும் அவங்கம்மாகிட்ட கேட்டுட்டு சேத்துகிட்டோம். மூணரைக்கெல்லாம் தண்ணி திரும்ப ஆரம்பிச்சிருச்சு, ஓடை வழியா நாக்கு நீட்டி வருது, சீக்கிரமா மேல ஏறிட்டோம். ஷூவ பார்க் குழாய்ல கழுவி டிக்கில போட்டுட்டு வெறுங்காலோட வண்டி ஓட்டி, டகோமாவுல நெரிசல்ல மாட்டி, வீடு வர எட்டு மணி. அடுத்த பௌர்ணமி ஜூலை 10. மாமா வர்ற வழியிலயே 11, 12ந்தேதி வத்தம் எத்தன மணிக்குன்னு போன்ல பாத்து டைரில குறிச்சுகிட்டார், கீழ்த்தளத்து ரூம் இருக்கற வேற எடமா பாக்கணும்.